சக்கரத்தின்மேல் வீடும் வழித்துணையும்

‘வழித்துணை’ என்பது நம் மொழிக்கு வாய்த்த நல்ல சொற்களுள் ஒன்று. நண்பன் வேறு, உறவினன் வேறு, வழித்துணை வேறு. ஊரும் பேரும் அறியாத ஒருவர் இன்று மாலை நம் அருகில் வந்து தங்குகிறார். நாளைக் காலை பிரிந்து செல்கிறார். இடைப்பட்ட சில மணி நேரத்தில் நமக்கு வேண்டிய செய்தியைச் சொல்லி, இயன்ற உதவியையும் செய்துவிடுகிறார். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழியும் உணவும் தங்குமிடமும் கூறுவதாக அமைந்த ஆற்றுப்படை நூல்களை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கு இவ்வுறவின் இயல்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஐரோப்பாவில் இன்று வீட்டு வண்டியில் தன்னந்தனியாக நாடு சுற்றுவோரிடையே இவ்வுறவு தழைத்திருக்கிறது. வீட்டு வண்டி என்று நான் குறிப்பது, படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் கழிவறையும் உள்ளேயே அமைந்த மோட்டார் வண்டியை. வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படுவதைக் கேரவன் என்பர். வீட்டையே உடன் கொண்டு செல்பவருக்கு அயலார் துணை எதற்கு என்று தோன்றலாம். நடைமுறை அதற்கு நேர்மாறானது. நீர்த்தொட்டி சில நாள்களில் வற்றிவிடும். கழிவுநீரை அதற்குரிய இடத்தில்தான் கொட்ட வேண்டும். இரவில் நிறுத்துவதற்கு அனுமதி உள்ள இடம் தேவை. ஆகவே தனித்தனியே புறப்பட்டவர்கள் அனைவரும் மாலையில் ஒரே குழாயடிக்கு வந்து சேர்கின்றனர். தாழ்வான பாலம் எங்கே இருக்கிறது, எந்தச் சிற்றூரில் சந்தை கூடும், எந்தக் கணவாயில் பனி விழுந்துவிட்டது என்னும் செய்திகள் அங்கே கைமாறுகின்றன. பின்னோக்கி வண்டியை நிறுத்தத் திணறுபவருக்கு அடுத்த வண்டிக்காரர் இறங்கி வந்து கைகாட்டுகிறார். நெடுஞ்சாலையில் எதிர்ப்படும் வீட்டு வண்டிக்காரர்கள், முன்பின் அறியாதவராயினும், கையுயர்த்தி வணங்கிச் செல்லும் வழக்கமும் உண்டு.

இத்தோழமை உண்மையானது. எனினும் அது எல்லாரையும் தழுவியதா? யாரை அது ‘சகபயணி’ என்று ஏற்றது, யாரை வேலிக்கு வெளியே நிறுத்தியது என்னும் வினாவை வரலாற்றின்முன் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்பச் செலவுக்கெனவே கட்டப்பட்ட முதல் கேரவனாகப் பலரும் குறிப்பிடுவது, ‘வாண்டரர்’ என்னும் குதிரை வண்டியை. ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர்ச் சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். அவர் 1885இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் மகோகனி மரத்தால் அதைச் செய்வித்தார். தென் இங்கிலாந்தின் டுவைஃபோர்டு என்னும் ஊரிலிருந்து வடக்கே ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை அதில் சென்றார். ‘கேரவனில் ஆயிரத்து முந்நூறு மைல்’ என்னும் பொருள்படும் துணைத்தலைப்புடன் அப்பயண நூல் மறு ஆண்டே வெளிவந்தது. நூலைப் படிப்போர்க்கு ஒரு புன்னகை வராமல் இராது. தனிப்பயணம்போல் தோன்றும் அச்செலவில் வண்டியோட்டி ஒருவர் இருந்தார். பணியாள் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று வழி பார்த்தார். நாயும் கிளியும் உடன் வந்தன! அக்காலப் பெருமக்கள் ‘தனியாக’ச் சென்றதன் பொருள் இதுதான்.

1891இல் ஸ்டேபிள்ஸ் வெளியிட்ட மற்றொரு நூலின் தலைப்பில் தம்மைக் ‘கனவான் ஜிப்சி’ என்று குறித்துக்கொண்டார். அச்சொல்லின்மேல் நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். சக்கரத்தின்மேல் வாழ்க்கை நடத்திய உண்மையான ஜிப்சிகள் அதே சாலைகளில் அவருக்குப் பல தலைமுறை முன்பிருந்தே சென்றுகொண்டிருந்தனர். அவர்கள் தம்மை ‘ரோமா’ என்றும், ‘சிந்தி’ என்றும், ‘மனுஷ்’ என்றும் குழுவுக்குக் குழு வேறுவேறாக அழைத்துக்கொள்வர். ‘மனுஷ்’ என்பதற்கு மனிதன் என்பதே பொருள். நமக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அவர்தம் மொழி இந்தியாவிலிருந்து வந்தது என்பதை ஜெர்மானிய அறிஞர் ரூடிகர் 1782இல் சொற்களை ஒப்பிட்டு எடுத்துக்காட்டினார். யேக், துய், த்ரின் என்று அவர்கள் எண்ணுவதைக் கேட்டால் வடஇந்திய மொழி அறிந்த எவருக்கும் ஐயம் எழாது.

இங்கிலாந்து இவர்களை வரவேற்ற விதம் வேறு. நாட்டை விட்டு வெளியேறுமாறு 1530ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிட்டது. 1554ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேறாதோர்க்கு மரண தண்டனை விதிக்க வழி செய்தது. அச்சட்டம் நெடுங்காலம் நீக்கப்படவில்லை. ‘வாண்டரர்’ உருண்ட அதே 1880களில் ஜார்ஜ் ஸ்மித் என்னும் சீர்திருத்தவாதி, நடமாடும் குடியிருப்புகளைப் பதிவு செய்து, அதிகாரிகள் உள்ளே புகுந்து சோதிக்க இடமளிக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவர மீண்டும் மீண்டும் முயன்றார். செங்கற்சூளைகளிலும் கால்வாய்ப் படகுகளிலும் வதைபட்ட குழந்தைகளுக்காக முன்னர்ப் பாடுபட்டவர் அவர். வண்டியில் வாழும் பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்னும் அவர் எண்ணத்தை ஓர் ஆசிரியனாகிய நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அவர் ஜிப்சிகளைப் பற்றி எழுதியவற்றில் இரக்கத்தைவிட இழிவுரையே மிகுதி. திருவிழாக்களில் காட்சி நடத்தி வண்டியிலேயே வாழ்ந்தோர் சங்கம் அமைத்து எதிர்த்தமையால் அம்மசோதா சட்டமாகவில்லை. கனவானின் வண்டி பயணம். ஏழையின் வண்டி குற்றம். இவ்வேறுபாடு இருபதாம் நூற்றாண்டிலும் மறையவில்லை.

1901இல் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் தையற்கலைஞர் மிதிவண்டியில் கூடாரம் கொண்டு செல்வோர்க்குச் சங்கம் கண்டார். 1907இல் இங்கிலாந்தில் கேரவன் கிளப் தோன்றியது. ஸ்டேபிள்ஸ் அதன் துணைத்தலைவரானார். இத்தகைய சங்கங்கள் செய்த பெருந்தொண்டு, தங்குமிடப் பட்டியல் தொகுத்ததும், உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளக் கொடியும் சின்னமும் அளித்ததுமாகும். வழியில் தற்செயலாக வாய்த்த துணை இப்போது ஒழுங்குபட்ட அமைப்பாயிற்று. 1932இல் பல நாட்டுச் சங்கங்கள் கூடி அனைத்துலகக் கூட்டமைப்பு ஒன்றையும் நிறுவின.

ஜெர்மனியில் நிகழ்ந்ததை ஆண்டு வரிசையில் படித்தால் நெஞ்சு கனக்கும். தெற்கே ஈஸ்னி என்னும் ஊரில் சாட்டை செய்யும் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த அரிஸ்ட் டெட்லெஃப்ஸ், விற்பனைக்காக நெடுநாள் வெளியூர் செல்பவர். ஓவியராகிய அவருடைய காதலி, தானும் உடன் வந்து வழியிலேயே ஓவியம் தீட்ட விரும்பினார். அதற்காக 1931இல் அவர் செய்த சிறு வண்டியே ஜெர்மனியின் முதல் கேரவனாகப் போற்றப்படுகிறது. வழித்துணைக்காகவே பிறந்த வண்டி என்று அதனைச் சொல்லலாம். ஐந்தாண்டு கழிந்து, 1936 ஜூலை 16ஆம் நாள், ஒலிம்பிக் போட்டிக்குமுன் தலைநகரைத் ‘தூய்மை’ செய்வதாகக் கூறி, பெர்லினில் இருந்த ஏறத்தாழ 600 சிந்தி, ரோமா மக்களைக் காவலர் வளைத்துப் பிடித்தனர். அவர்களையும் அவர்களின் வண்டிகளையும் நகரின் விளிம்பில், மார்சான் என்னுமிடத்தில், கழிவுநீர் பாய்ச்சும் வயலுக்கும் இடுகாட்டுக்கும் அருகே கொண்டுபோய் விட்டனர். அதுவும் வண்டிகள் நிற்கும் முகாமே. அதனைக் காவலர் காத்தனர். அங்கிருந்து பலர் பின்னர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். 1944 ஆகஸ்டு 2ஆம் நாள் இரவு ஆஷ்விட்சில் எஞ்சியிருந்த ரோமாக்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் முதியோரும் பெண்களும் குழந்தைகளும். இது இனப்படுகொலை என்று மேற்கு ஜெர்மனி அரசு ஒப்புக்கொண்டது 1982இல். பெர்லினில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது 2012இல்.

பிரான்சு நாட்டின் வழி வேறு. நோக்கம் அத்துணை வேறல்ல. 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘நாடோடிகள்’ என வகுக்கப்பட்டோர் விரல் ரேகையும் உடல் அளவுகளும் புகைப்படமும் கொண்ட ஏடு ஒன்றை ஏந்தித் திரிய வேண்டும். ஒவ்வோர் ஊருக்குள் வரும்போதும் போகும்போதும் அதில் முத்திரை பெற வேண்டும். அவ்விதி 1969 வரை நீடித்தது. போர்க்காலத்தில் அவர்களை முகாம்களில் அடைத்தனர். போர் முடிந்தும் சிலர் 1946 வரை விடுவிக்கப்படவில்லை.

போருக்குப் பின்னர் ஐரோப்பியச் சாலைகளின் முகம் மாறியது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் பெட்டி வடிவ வண்டிக்கு 1947இல் டச்சு வணிகர் பென் பொன் குறிப்பேட்டில் கோட்டோவியம் தீட்டினார். 1950இல் அது உற்பத்திக்கு வந்தது. மறு ஆண்டில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அடுக்கறையும் பொருத்தத் தொடங்கியது. பணியாள் இன்றி, குதிரை இன்றி, ஒருவரே ஓட்டி ஒருவரே உறங்கும் வீடு அப்போதுதான் நடுத்தர மக்களின் கைக்கெட்டியது. உண்மையான தனிப்பயணி அதன்பின் தோன்றியவரே. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த இளைஞர்கள் லண்டனில் ஆஸ்திரேலிய மாளிகையருகே பழைய வண்டி வாங்கி, கோடை முழுதும் சுற்றி, திரும்பியதும் அங்கேயே அடுத்து வந்த இளைஞரிடம் விற்றுச் சென்றனர். வண்டியோடு நிலப்படமும், எங்கே தங்கலாம் என்னும் அறிவுரையும் கைமாறின. 1995இல் ஷெங்கன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், அதில் சேர்ந்த நாடுகளின் எல்லைகளில் வரிசையில் நிற்கும் வேலையும் ஒழிந்தது.

இங்கிலாந்தின் 1960ஆம் ஆண்டுக் கேரவன் இடச் சட்டத்தை மாணவர்கள் குறித்துக்கொள்வது நலம். ஒரே சட்டம் இரண்டு கதவுகளைக் கொண்டிருந்தது. உரிமம் இன்றிக் கேரவன் நிறுத்த இடமளித்தல் கூடாது என்றும், பொதுநிலங்களில் அவை நிற்பதை ஊராட்சி மன்றங்கள் தடுக்கலாம் என்றும் அது விதித்தது. ஆனால் அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்கு விலக்கு உண்டு. அவை சான்றளித்தால் ஒரு குடியானவர் தம் நிலத்தில் ஐந்து கேரவன்கள் வரை உறுப்பினருக்கு இடமளிக்கலாம். அமைதியான அந்தச் சிற்றிடங்களில் எத்தனையோ நட்புகள் மலர்ந்தன. ஜிப்சிக் குடும்பங்களுக்கோ தலைமுறை தலைமுறையாகத் தங்கிய புறம்போக்குகள் மூடப்பட்டன. அவர்களுக்கு இடம் அமைத்துத் தருவது உள்ளாட்சியின் கடமை என்று 1968இல் மற்றொரு சட்டம் வந்தது. 1994இல் அக்கடமையும் நீக்கப்பட்டது.

பிரான்சில் இன்று சிற்றூர்கள் பலவும் வீட்டு வண்டிகளுக்கென நிறுத்தகம் அமைத்து, குடிநீரும் கழிவுநீர்த் துளையும் வைத்து, விருந்தினரை எதிர்பார்க்கின்றன. திராட்சைத் தோட்டக்காரர்கள் தம் முற்றத்தில் ஓர் இரவு இலவசமாகத் தங்க இடங்கொடுக்கும் திட்டமும் 1990களின் தொடக்கத்திலிருந்து நடைபெறுகிறது. இன்னொரு புறம், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட ஊர்கள் ‘பயண மக்களுக்கு’த் தங்கிடம் அமைக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. முந்தையது சட்டத்தின் வற்புறுத்தல் இன்றியே பெருகிற்று. பிந்தையதைச் சட்டம் இருந்தும் அமைக்காத ஊர்கள் உள. அமைத்த ஊர்களிலும் அது குப்பைமேட்டுக்கோ நெடுஞ்சாலைக்கோ அருகே ஒதுக்கப்படுவது அரிதன்று. ஆகவே ஒரே மாலையில், ஒரே ஊரில், வண்டியில் உறங்குவோர் இருவர் இரண்டு குழாயடிகளில் தண்ணீர் பிடிக்கின்றனர். அவர்கள் சந்திப்பதே இல்லை. நீருக்கு ரோமானி மொழியில் ‘பானி’ என்று பெயர்.

ஆண்டில் ஒருமுறை அவர்கள் அருகருகே வருவதுண்டு. பிரான்சின் தென்கோடியில், ரோன் ஆறு கடலில் கலக்கும் கமார்க் சதுப்புநிலத்தில், சாந்த் மரி தெ லா மேர் என்னும் கடற்கரைச் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள கோயிலின் நிலவறையில் சாரா என்னும் கருநிறத் திருவுருவம் உண்டு. மே மாதம் 24ஆம் நாள் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ரோமாக்கள் கேரவன்களில் வந்து கூடி, அத்திருவுருவத்தைத் தோளில் சுமந்து கடல்வரை ஊர்வலம் செல்கின்றனர். வெள்ளைக் குதிரைகளில் அந்நிலத்து மாடு மேய்ப்போர் காவலாக வருகின்றனர். இந்த ஊர்வலத்துக்கு 1935இல்தான் இசைவு கிட்டியது. அதனைக் காண வீட்டு வண்டிகளில் வரும் பிறநாட்டவரும் பலர். சாராவின் பெயரோடு ரோமாக்கள் சேர்த்துச் சொல்லும் அடைமொழி நம் செவிக்குக் ‘காளி’ என்றே கேட்கும். நம் நாட்டுத் தெய்வத்தோடு அதைத் தொடர்புபடுத்துவோரும் உளர். சொல்லளவில் அம்மொழியில் அதற்குக் கருநிறத்தாள் என்பதே பொருள்.