குதிரை லாயத்தில் விரிசல் விட்ட தோட்டாக்கள்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளை அடுத்த வாரம் எடுத்துக்கலாம், இன்னைக்கு நேரா கதைக்கே போயிடறேன்.

கொஞ்ச நாள் முன்னாடி, ராத்திரி தூக்கம் வராம ஒரு வீடியோ பார்த்துட்டு இருந்தேன். அமெரிக்காவுல ஒருத்தர். துப்பாக்கி சுடும் போட்டிக்குத் தேவையான தோட்டாக்களை வீட்டுலயே தயார் பண்றவர், அங்கே அது சட்டப்படி ஒரு பொழுதுபோக்கு. புதுசா வாங்கின பித்தளைக் கூடுகள் இருக்கிற டப்பாவைத் திறக்கிறார். தோட்டான்னு நாம சொல்றதுல முன்னாடி குண்டு, உள்ள மருந்து, அடியில தீப்பொறி கொடுக்கிற சின்ன மூடி. இது மூணையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிற குப்பிதான் கூடு. பளபளன்னு இருக்கும்னு எதிர்பார்த்தேன். ஆனா ஒவ்வொரு கூட்டோட கழுத்துலயும் நீலமும் பழுப்பும் கலந்து ஒரு கறை, அடுப்புல கருகின பாத்திரம் மாதிரி. நானா இருந்தா அப்பவே ரிட்டர்ன் போட்டிருப்பேன். அவர் என்னடான்னா சந்தோஷப்படறார். அந்தக் கறை இருந்தாதான் நல்லதாம்.

அது ஏன்னு தேடிப் போனா, கதை இந்தியாவுல, பிரிட்டிஷ் ராணுவத்தோட குதிரை லாயத்துல போய் நிக்குது.

முதல்ல ஒரு சின்ன பின்னணி. 1857-ல தோட்டான்னா காகிதம். என்ஃபீல்டு துப்பாக்கிக்கான காகிதப் பொட்டலத்தைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும், அதுல தடவியிருந்த கொழுப்பு மாட்டோடதா பன்றியோடதாங்கிற கேள்வி எங்க கொண்டுபோய் விட்டதுன்னு பள்ளிக்கூடப் பாடத்துலயே படிச்சிருப்போம். 1866-ல பிரிட்டன் ஸ்னைடர் துப்பாக்கிக்கு மாறுது. அதுக்கான தோட்டாவை வடிவமைச்சவர் எட்வர்டு பாக்ஸர், லண்டன் பக்கத்துல உல்விச் ராணுவ ஆய்வுக்கூடத்துல இருந்தவர். மெல்லிசான பித்தளைத் தகட்டை ஒரு குழாய் மாதிரி சுருட்டி கூடு பண்ணினார். விலை கம்மி, செய்யறது ஈஸி. அடுத்து வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கும் இதே சுருட்டல் கூடுதான்.

இந்தக் கூடு ஆய்வுக்கூடத்துல நல்லாத்தான் இருந்துச்சு, சூடான் பாலைவனத்துல காலை வாரிடுச்சு. 1885 ஜனவரியில அபு க்ளியாங்கிற இடத்துல நடந்த சண்டையில, சுட்டுச் சுட்டுச் சூடேறின துப்பாக்கிக்குள்ள மணலும் சேர, கூடு ஒட்டிக்கிச்சு. இழுத்தா அடிப்பாகம் மட்டும் கையோட வருது, மெல்லிசான உடம்பு கிழிஞ்சு உள்ளேயே நிக்குது. எதிரி பத்தடி தூரத்துல வரும்போது கையில இருக்கிறது வெறும் இரும்புத் தடி. இந்தத் தலைவலிக்குக் கிடைச்ச பதில்தான் சுருட்டாம, ஒரே துண்டா இழுத்துச் செய்யற பித்தளைக் கூடு. இன்னைக்கு வரைக்கும் அதேதான்.

ஏன் பித்தளை? எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். சுடும்போது உள்ளே அழுத்தம் எகிறும், கூடு விரிஞ்சு துப்பாக்கிச் சுவரோட ஒட்டி, புகை பின்பக்கம் வராம அடைக்கும். அடுத்த நொடியே லேசா சுருங்கி, வெளியே வர்றதுக்கு வழி விடும். விரியவும் தெரியணும், திரும்பவும் தெரியணும். செம்பு மட்டும் இருந்தா ரொம்ப சாது, விரிஞ்சது விரிஞ்சபடி ஒட்டிக்கும்.

இதைச் செய்யற விதம்தான் நம்ம கதைக்கு முக்கியம். ஒரு பித்தளை வட்டத்தை அச்சுல அழுத்திக் கிண்ணமாக்கறாங்க. அந்தக் கிண்ணத்தை இன்னொரு அச்சுக்குள்ள தள்ளி நீட்டறாங்க. திரும்ப, திரும்ப. ஒரு கம்பியை ஒரே இடத்துல மடக்கி மடக்கிப் பாருங்க, முதல்ல இறுகும், அப்புறம் பட்டுனு உடையும். பித்தளையும் அப்படித்தான், ஒவ்வொரு இழுப்புக்கும் இறுகிக்கிட்டே போகும். அதனால நடுநடுவுல உலையில காய்ச்சி இளக வைக்கணும். இதுக்குப் பேர் அனீலிங். கடைசியா மேல்பகுதியை நெருக்கிக் கழுத்து ஆக்கி, குண்டை இறுக்கமா சொருகி, விளிம்பை அமுக்கி விடறாங்க. அந்தக் கடைசி வேலையில கழுத்துக்குள்ள ஒரு விறைப்பு தங்கிடுது. வெளியே பார்த்தா தெரியாது. அளவு சரியா இருக்கும், பளபளப்பு சரியா இருக்கும், சோதனையில பாஸ் ஆகும்.

இப்படிப் பாஸான தோட்டாக்கள் கப்பலேறி இந்தியாவுக்கு வருது. மழைக்காலத்துல படை நகர்வு குறைவு, அதனால பெட்டிகளைக் குதிரை லாயத்துல அடுக்கி வெச்சாங்க. மழை ஓய்ஞ்சு பெட்டியைத் திறந்தா, நிறைய கூடுகள்ல விரிசல். யாரும் சுடலை, கீழே போடலை. வெச்ச இடத்துல வெச்சபடியே, குண்டைப் பிடிச்சிருக்கிற அந்தக் கழுத்துப் பகுதியில நீளவாக்குல பிளந்திருக்கு. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, லோக்கல்ல ஓடுது, புரொடக்‌ஷன்ல விழுது.

இதுக்கு வெச்ச பேர் சீசன் கிராக்கிங். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், மெட்டீரியல் சயின்ஸ்ல ரெண்டு மார்க் கேள்வி. நானும் மனப்பாடம் பண்ணி எழுதினவன்தான். குதிரை இதுல எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை, நானும் கேட்கலை.

பதில் கிடைச்சது 1921-ல. மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர், பித்தளை விரிசலைப் பத்தி எழுதின கட்டுரை அந்த வருஷம் வெளியாச்சு. குற்றவாளி அமோனியா. குதிரை மூத்திரத்துல இருக்கிற யூரியா சிதைஞ்சா அமோனியா வரும், லாயத்துக்குள்ள நுழைஞ்சதும் மூக்கைத் துளைக்கிற அந்த வாடை. மழைக்கால ஈரத்துல அது பித்தளை மேல மெல்லிசா படியுது. அங்க இருக்கிற செம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்குது.

ஆனா எனக்குப் பிடிச்ச இடம் அது இல்ல. அமோனியா மட்டும் இருந்தா பித்தளை நிறம் மாறும், மெல்ல அரிக்கும், அவ்வளவுதான், இப்படிப் பிளக்காது. விறைப்பு மட்டும் இருந்தா கூடு வருஷக்கணக்குல சும்மா கிடக்கும். ரெண்டும் ஒரே இடத்துல சேர்ந்தாதான் விரிசல். தொழிற்சாலைக்காரர் "எங்க பக்கம் எல்லாம் சரி"ன்னு சொன்னா அதுவும் உண்மை. கிடங்குக்காரர் "நாங்க எதுவும் பண்ணலை"ன்னு சொன்னா அதுவும் உண்மைதான். பழியை எங்க போடறதுன்னு தேடற வரைக்கும் இது பிடிபடாது. ரெண்டு டீமுக்கு நடுவுல இருக்கிற பக் எதையாவது துரத்தினவங்களுக்கு இந்த வலி புரியும்.

மருந்தும் பழைய மருந்துதான், காய்ச்சறது. செஞ்சு முடிச்ச கூட்டோட கழுத்தை மட்டும் சில நொடி நெருப்புல காட்டினா உள்ள இருக்கிற விறைப்பு போயிடும். அடிப்பாகம் சூடாகக் கூடாது, அது இளகிட்டா வெடிப்பைத் தாங்காது. விறைப்பு மிச்சம் இருக்கான்னு பார்க்க ஒரு சோதனையும் உண்டு. பாதரச உப்புக் கரைசல்ல கூட்டை முக்கினா, லாயத்துல மாசக்கணக்குல நடக்கிறது சீக்கிரமே நடந்துடும்.

அந்த வீடியோக்காரர் பார்த்து சந்தோஷப்பட்ட கறை இந்த நெருப்போட தடம்தான். கடையில விக்கற கூடுகள்ல பெரும்பாலும் இதை மெருகேத்தி அழிச்சுடுவாங்க, நம்மள மாதிரி ஆளுங்க ரிட்டர்ன் போட்டுடுவாங்கன்னு பயம். அமெரிக்க ராணுவத்துக்குப் போறதுல அப்படியே விட்டுடுவாங்க, காய்ச்சினதுக்கு அதுவே கண்ணுக்குத் தெரியற சாட்சி.

ஒரு விஷயத்தைச் சொல்லாம இதை வெறும் உலோகக் கதையா முடிக்க எனக்கு மனசு வரலை. அந்தக் கட்டுரைக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக். அன்னைக்கு 1,650 முறை சுட்டாங்கங்கிற கணக்கு, சிப்பாய்கள் பொறுக்கின காலிக் கூடுகளை எண்ணி வந்தது. அதுவும் இதே பித்தளைக் கூடுதான். லாயத்துல விரிசல் விட்டது பேரரசுக்கு ஒரு பெரிய பிரச்சினை, அதுக்கு ஆராய்ச்சி நடந்துச்சு. இந்தக் கூடுகள் சரியா வேலை செஞ்ச அன்னைக்கு என்ன நடந்துச்சுங்கிறதையும் பக்கத்துலயே வெச்சுப் பார்க்கணும்னு தோணுது.

சரி, வீடியோவுக்கு வருவோம். டப்பாவுல நசுங்கியிருந்த வாய்களை அவர் ஒரு அச்சுல விட்டு வட்டமாக்கினார், விளிம்புல இருந்த பிசிறைச் சீவினார், ஒவ்வொண்ணா தராசுல வெச்சு எடை பார்த்தார். பளபளப்பாக்க எதுவும் போடலை. அமோனியா கலந்த மெருகு திரவம் வீட்டுல இருந்தா, அதைக் கூடு பக்கமே கொண்டு வராதீங்கன்னு மட்டும் சொன்னார். ஏன்னு அவர் சொல்லலை.