காசுக்குச் சோறு: சென்னை உணவகங்களின் பிறப்பு

தமிழ்ச் சமூகத்தில் பலகாரம் விற்பது பழைய தொழிலாக இருந்தபோதிலும், சோறு விற்பது நெடுங்காலம் மதிப்புக்குரிய தொழிலாகக் கருதப்படவில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரை விவரிக்கும் இடத்தில் பிட்டு வாணிகரைக் காழியர் என்றும் அப்ப வாணிகரைக் கூவியர் என்றும் குறிப்பதால், சமைத்த சிற்றுண்டியைத் தெருவில் வாங்கி உண்ணும் வழக்கம் தொன்மையானது என்பது தெளிவு. ஆனால் சோறு அவ்வாறு கருதப்படவில்லை. வந்தவருக்கு இடுவது அறமென்றும், இட்ட சோற்றுக்குக் காசு பெறுவது இழுக்கென்றும் எண்ணிய மனப்பாங்கும், யார் சமைத்ததை யார் உண்ணலாம், யார் அருகில் யார் அமரலாம் என்ற சாதிக் கட்டுப்பாடும் சேர்ந்து சோற்றுக்கடை தோன்றுவதைத் தடுத்து நின்றன. சென்னை உணவகங்களின் வரலாறு என்பது இவ்விரு தடைகளும் சிறிது சிறிதாகத் தளர்ந்த வரலாறே ஆகும்.

1639இல் கடற்கரையில் ஒரு வணிகக் குடியேற்றமாகத் தொடங்கிய சென்னப்பட்டணத்தில், வெளியூரார் தங்கி உண்பதற்குச் சத்திரங்களே முதலில் இருந்தன. சத்திரம் என்பது செல்வர் ஒருவர் நிலமோ பொருளோ எழுதிவைத்து நடத்திய அறநிலையம். அங்கே வழிப்போக்கர் சில நாள்களே தங்க முடியும். 1856இல் இராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கி, 1857இல் பல்கலைக்கழகமும் 1862இல் உயர் நீதிமன்றமும் நிறுவப்பட்டபின், குடும்பத்தை ஊரிலே விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்கோ படிப்புக்கோ வந்து, ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்கும் ஆண்கள் பெருகினர். இவர்களுடைய பசிக்குச் சத்திரம் விடையாக முடியவில்லை; இந்த வெற்றிடத்தை நிரப்பவே காபி கிளப்புகள் எழுந்தன. கிளப் என்ற பெயர் இருந்தாலும் அதற்கு உறுப்பினர் பட்டியல் எதுவும் இல்லை. காபியும் இட்லி, தோசை முதலிய டிபன் வகைகளும் விற்ற சிறிய கடையையே மக்கள் அப்பெயரால் வழங்கினர். முதலில் வேரூன்றியது சாப்பாட்டுக் கடையாக இல்லாமல் டிபன் கடையாக இருந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. கூவியர் காலத்திலிருந்தே பலகாரத்தைப் பிறர் கையால் வாங்கி உண்ணும் உரிமை இருந்தது என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

இக்கடைகளில் பல பிராமணர்களால் நடத்தப்பட்டு, பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்கு வேறு இடம் என்று பிரிக்கப்பட்டிருந்தன. தாழ்த்தப்பட்டவர்களுக்கோ பல கடைகளில் நுழையவே வழியில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் நிலவிய இந்தப் பிரிவினை, பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941இல் ரயில் நிலையங்களில் கைவிடப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், தன் 15ஆம் பிரிவில் கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பேரால் எவரையும் அங்கே தடுக்கலாகாது என்று விதித்தது. நாட்டின் அடிப்படைச் சட்டம் சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்பதே அக்கொடுமையின் அளவைக் காட்டும். அதன் பின்னும் ‘பிராமணாள்’ என்ற சொல் பெயர்ப்பலகைகளில் நீடித்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு திராவிடர் கழகத்தினர் நாள்தோறும் மறியல் செய்து, கூட்டங்கூட்டமாகக் கைதாகிப் பல மாதங்கள் போராடியபின், அந்தச் சொல் பலகையிலிருந்து நீங்கியது. சென்னையின் சுவையைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த மறியலைக் குறிப்பிடாமல் கடந்துவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். இன்று ஒரே மேசையில் அறிமுகமற்ற நால்வர் அமர்ந்து உண்ணும் காட்சியை அந்தப் போராட்டமும் உருவாக்கியது.

இதே காலப்பகுதியில் நகரின் உணவுக்கு ஒழுங்கும் அளவும் கற்பித்தவர்கள் உடுப்பிக்காரர்கள். தென் கன்னட மாவட்டம் 1956 வரை சென்னை மாகாணத்தின் பகுதியாகவே இருந்ததால், உடுப்பிக் கிருஷ்ணன் கோயிலையும் அதன் மடங்களையும் சார்ந்த சமையல் மரபில் வளர்ந்தோர், தலைநகரை நாடி வருவது இயல்பாக இருந்தது. அவர்களுள் ஒருவராக, சமையற்கட்டு வேலையிலிருந்து உயர்ந்த கே. கிருஷ்ணராவ், 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். 1962இல் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரை மரநிழலில் நிறுத்திவிட்டு உள்ளேயே அமர்ந்து உண்ணும் வசதியைத் தந்தது. 2008இல் அது மூடப்பட்டபின் அவ்விடத்தில் அரசு அமைத்த செம்மொழிப் பூங்கா 2010இல் திறக்கப்பட்டது.

புலால் உணவின் வரலாறு வேறு தடத்தில் சென்றது. இறைச்சி பரிமாறும் கடைக்கு ‘மிலிடரி ஓட்டல்’ என்று பெயர் வழங்கியதே, சைவக் கடையைப் பொது வழக்காகவும் மற்றதைத் தனியாகச் சுட்டவேண்டியதாகவும் கருதிய காலத்தின் அடையாளம். கொழும்பில் வாழ்ந்து திரும்பிய ஏ. எம். புகாரி 1951இல் மவுண்ட் ரோட்டில் திறந்த புகாரி ஓட்டல், பிரியாணியை நகரின் நடுச்சாலைக்குக் கொண்டுவந்தது. 1960களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர்கள், கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் அத்தோ என்னும் நூடுல்ஸ் வகையையும், வாழைத்தண்டு சேர்ந்த மொய்ங்கா என்னும் சூப்பையும் தள்ளுவண்டிகளில் விற்றனர். வீடும் தொழிலும் இழந்தவர்கள் கொண்டுவந்த கைத்திறன் அங்குள்ள பர்மா பஜாரைச் சுற்றி இன்றும் சோறு போடுகிறது.

இவை அனைத்திலும் சென்னைக்கே உரியது என்று கொள்ளத்தக்கது மெஸ் ஆகும். படைவீரர் கூடி உண்ணும் இடத்தைக் குறித்த இச்சொல், இங்கே வீட்டுச் சமையலை ஒத்த சாப்பாட்டைக் குறைந்த விலையில், பெரும்பாலும் மாதக் கணக்கில் வழங்கும் சிறிய கடையைக் குறித்தது. திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள், அதாவது திருமணமாகாத ஆண்கள் அறை பகிர்ந்து வாழும் விடுதிகள், சமையலறை இல்லாமல் கட்டப்பட்டமையால் அவற்றைச் சுற்றி மெஸ்கள் பெருகின. முன்கூட்டியே டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, இலை விழுந்தவுடன் அமர்ந்து, குழம்பு, ரசம், மோர் என்ற முறையில் உண்டு எழுவது அங்கே நடைமுறையாயிற்று. ஊரில் தாயோ மனைவியோ பரிமாறிய சோற்றின் இடத்தை ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு இந்த இலைதான் நிரப்பிற்று. வேலை தேடி வந்த எத்தனையோ பேரைத் தாங்கிய அந்த மெஸ்களை நகரின் உண்மையான சத்திரங்கள் என்றே மதிப்பிட வேண்டும். 2013இல் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்கள், ஓர் இட்லியை ஒரு ரூபாய்க்கு விற்று, அறச்சாலைக்கும் கடைக்கும் இடைப்பட்ட ஒரு புது வகையைச் சேர்த்தன.

முதலாளிகளின் பெயர்கள் ஓரளவேனும் பதிவாகியிருக்க, அதிகாலையில் எழுந்து மாவரைத்தவர்களும், சரக்கு மாஸ்டர் எனப்பட்ட தலைமைச் சமையற்காரர்களும், இலையெடுத்த சிறுவர்களும் பெரும்பாலும் பெயரின்றியே மறைந்தனர். பழைய கடைகளை நடத்திய குடும்பங்கள் தம்மிடம் எஞ்சியுள்ள கணக்குப் புத்தகங்களையும் விலைப்பட்டியல்களையும் பெயர்ப்பலகைகளையும் எடைக்குப் போட்டுவிடாமல் ஆவணக் காப்பகங்களிலும் ஆய்வு நூலகங்களிலும் ஒப்படைக்க வேண்டும். அக்கணக்குகளின் சம்பளப் பக்கங்களில் அத்தொழிலாளர்களின் பெயர்கள் இருக்கக்கூடும்.