கி.பி. 250: ஒரு சான்றிதழின் விலை



எகிப்து தேசத்தின் ஃபாயூம் பகுதியில் மணலுக்குள் புதைந்துகிடந்த பாப்பிரஸ் தாள்களுள் ஒரு வகை, திருச்சபை வரலாற்றை வாசிக்கிற எவரையும் தடுத்து நிறுத்தும். அவ்வகையில் நாற்பதுக்கும் மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாசகமே. பலிகளை மேற்பார்வையிட நியமிக்கப்பட்ட குழுவினருக்கு இன்ன ஊர் இன்னார் எழுதுவது என்று தொடங்கி, தாம் எக்காலத்தும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்போது அரசாணைப்படி அதிகாரிகளின் கண்முன்னே பானபலி வார்த்து, பலியிட்டு, படைத்ததைப் புசித்ததாகவும் விண்ணப்பதாரர் அறிவிக்கிறார். சிலவற்றில் வயதும், உடலிலுள்ள தழும்பும்கூடக் குறிக்கப்பட்டுள்ளன. கீழே அதிகாரிகளின் கையொப்பம். பெரும்பாலானவை கி.பி. 250 ஜூன், ஜூலை மாதங்களுக்குரியவை.

249-இல் அரியணை ஏறிய ரோமப் பேரரசன் டேசியஸ், குடிகள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிடவேண்டும் என்று கட்டளை பிறப்பித்தான். முதலைத் தெய்வத்தின் பூசாரியான ஒரு பெண்ணின் சான்றிதழ்கூடக் கிடைத்திருக்கிறது! அவளுக்கு அது வெறும் அலுவல். கிறிஸ்தவனுக்கோ அது ஆண்டவரை மறுதலிப்பது.

ரோமாபுரிச் சபையின் கண்காணி ஃபேபியன் 250 ஜனவரி 20 அன்று உயிர்துறந்தார். எருசலேமின் கண்காணி அலெக்சந்தர் சிறையிலேயே மரித்தார். வேதபண்டிதராகிய ஓரிகன் முதிர்வயதில் கொடிய வாதைகளை அனுபவித்தார். இவர்களைப் பற்றி நாம் பிரசங்கிக்கிறோம். நானும் பல ஆண்டுகளாக இவர்களைப் பற்றியே பிரசங்கித்து வந்திருக்கிறேன். விழுந்துபோனவர்களைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு மனம் வருவதில்லை. அவர்களோ திரளானவர்கள்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், கைதுசெய்யப்படும் முன்னரே விசுவாசிகள் பலர் தாங்களாகவே பலிபீடத்திற்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்தது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும், இன்றே முடித்துத் தாருங்கள் என்று கெஞ்சினவர்கள் உண்டு. கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்றார்கள். இதைத் துக்கத்தோடு பதிவு செய்தவர் அந்நகரத்துக் கண்காணியாகிய சிப்ரியன். அவரும் அப்போது தலைமறைவாயிருந்தார். அதற்காக ரோமாபுரியிலிருந்துகூடக் குறைசொல்லப்பட்டார். வீழ்ச்சியின் வேரை அவர் பேரரசனின் பட்டயத்தில் தேடவில்லை. நெடுங்காலச் சமாதானத்தில் தேடினார்: மந்தையை விட்டு வியாபாரத்திற்குப் போன கண்காணிகள், சொத்துச் சேர்ப்பதிலேயே கண்ணாயிருந்த விசுவாசிகள், ஒருவரையொருவர் தூற்றிய நாவுகள். துன்பம் வருமுன்னரே சபை உள்ளே தளர்ந்திருந்தது என்பது அவர் கணிப்பு.

என் மனதை மிகவும் உறுத்துகிறவர்கள் வேறொரு கூட்டத்தார். அவர்கள் பலியிடவில்லை, தூபமும் போடவில்லை. பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ‘நான் கிறிஸ்தவன், பலியிட எனக்கு உத்தரவில்லை என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுத்தான் பணம் கொடுத்தேன், செய்யத் தகாததைச் செய்யாதிருக்கவே கொடுத்தேன்’ என்பதே அவர்களுடைய நியாயம். கை சுத்தம், தாள்மட்டும் பொய். இந்த நியாயம் நமக்குப் புதிதா? பத்திரத்தில் குறைத்து எழுதிய விலையும், உள்ளதை மறைத்து வாங்கிய வருமானச் சான்றிதழும் நம் பீரோக்களில் வேதாகமத்திற்கு அருகிலேயே இருக்கின்றன. அவர்களுக்காவது உயிர்ப்பயம் இருந்தது.

அந்தத் தாளும் ஓர் அறிக்கையே, அதில் மறுதலிப்பு எழுதப்பட்டிருக்கிறது என்பதில் சிப்ரியன் உறுதியாயிருந்தார். ஆயினும் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க அவர் மறுத்தார். தானாக ஓடிப் பலியிட்டவனும், தான் ஒருவனே முன்சென்று தன் மனைவி பிள்ளைகளையும் வீட்டார் அனைவரையும் காப்பாற்றினவனும் ஒன்றா என்று கேட்டார். 251-இல் கார்த்தேஜில் கூடிய ஆலோசனைச் சங்கம் ஒவ்வொருவர் காரியத்தையும் தனித்தனியே விசாரித்து, மனந்திரும்பிய சான்றிதழ்க்காரரைச் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தது. பலியிட்டவர்களுக்கு நீண்ட மனஸ்தாப காலத்தை விதித்தது. ரோமாபுரியில் நொவாத்தியன் என்பவர் விழுந்தவர்களுக்குச் சபையில் மீண்டும் இடமே இல்லை என்று பிரிந்துபோனார். அவருடைய வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சேவல் கூவிய இரவில் பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுததை அவர் மறந்தார் என்றே எண்ணுகிறேன். சில காலத்திற்குள் மறுபடியும் உபத்திரவம் வரும் என்ற அச்சம் எழுந்தபோது, பலியிட்டுப் பின் மனங்கசந்து காத்திருந்தவர்களையும் கார்த்தேஜ் சபை கர்த்தருடைய பந்திக்கு அழைத்தது. அந்தப் பந்தியின் பலமின்றி அவர்களைப் போருக்கு அனுப்பலாகாது என்பதே காரணம்.

டேசியஸ் 251-இல் போர்க்களத்தில் மாண்டான். வலேரியன் ஆட்சியில், 258 செப்டம்பர் 14 அன்று, சிப்ரியன் கார்த்தேஜில் நியாயவிசாரணைக்கு நின்றார்.  பலியிடு என்ற கட்டளையை மறுத்தார். தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது தேவனுக்கு நன்றி சொன்னார். பிறகு தம்மை வெட்டவந்தவனுக்கு 25 பொற்காசுகளைக் கொடுக்கும்படி தம் மக்களிடம் சொல்லி, தம் கண்களைத் தாமே கட்டிக்கொண்டார்.