இறைச்சிப் பக்குவங்கள்: தென்சென்னைப் புறநகரின் பழைய இல்லமுறைகள்

குளிர்சாதனப் பெட்டி வீட்டுப் பொருளாவதற்கு முன், ஆட்டுக்கறி, கோழி, மாட்டுக்கறி, பன்றிக்கறி, வேட்டைக்கறி ஆகியவற்றைச் சமைக்கவும் பல நாள் வைத்துச் சாப்பிடவும் இல்லங்களில் கையாண்ட வழிகளே இங்கு இறைச்சிப் பக்குவங்கள் எனப்படுகின்றன. கட்டுரையின் களம் திருமுடிவாக்கமும் அதைச் சூழ்ந்த வட்டாரமும். வடக்கே குன்றத்தூர், கிழக்கே பல்லாவரமும் பரங்கிமலையும், தெற்கே தாம்பரம். இன்று சிட்கோ தொழிற்பேட்டையால் அறியப்படும் இவ்வூர் பழைய தொண்டை மண்டலத்தின் உட்பகுதி. இம்மண்டலத்தின் இறைச்சி உணவு பற்றிச் சங்கப் பாட்டு தொடங்கிப் பாளையத்துச் சமையலறை வரை சான்றுகள் கிடைக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தினால் ஒரு போக்கு தெரிகிறது. எந்த விலங்கை உண்பது என்பதைச் சாதியும் சமயமும் முடிவு செய்தன. அந்தக் கறியை எப்படிப் பக்குவம் செய்வது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது, ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் எவ்வளவு கறி வந்து சேர்ந்தது என்பதுதான்.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் உணவுகள்

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசில் பெறப் போகும் பாணனுக்கு, வழியில் எந்த நிலத்தார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று அது ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறது. ஆகவே தொண்டை நாட்டு அடுப்புகளைப் பற்றிய மிகப் பழைய பட்டியலாகவும் அதைப் படிக்கலாம். எயினர் குடியிருப்பில் புல்லரிசிச் சோற்றோடு வாடூன், அதாவது உலர்த்திய இறைச்சி, கிடைக்கிறது. இன்னொரு குடியிருப்பில் நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியல். மருத நிலத்து உழவர் வீட்டில் நெல்லரிசிச் சோற்றோடு மனையில் வளர்ந்த பெட்டைக்கோழி. கடற்கரைப் பட்டினத்துக் கள் விற்போர் வீட்டிலோ, மாவு தின்னக் கொடுத்து, பெண்பன்றியோடு சேரவிடாமல் குழியில் பல நாள் அடைத்து வளர்த்த ஆண்பன்றியின் கொழுப்பு நிறைந்த கறி.

இந்த உணவுகளை நிலத்துக்கு நிலம் மாறும் பழக்கவழக்கம் என்று சொல்லி நிறுத்திவிடுவது எளிது. அளவை வைத்துப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். கோழியும் உடும்பும் ஒரு வேளைக்கு மேல் மிஞ்சாத உயிர்கள். இரண்டும் அன்றே பொரிந்து முடிகின்றன. வேட்டையில் பெரிய விலங்கு விழும் நாளும், ஒன்றும் விழாத நாள்களும் எயினர் வாழ்வில் மாறி மாறி வருபவை. அங்கே கறி காய்கிறது. கள் விற்கும் வீட்டில் நாள்தோறும் உண்ண ஆள் வருகிறார்கள். அங்கே பன்றியை உயிரோடு கொழுக்க வைத்துத் தேவைப்படும்போது அறுக்கிறார்கள். உண்பவர் எண்ணிக்கைக்கும் கறியின் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைக்கும் மூன்று வழிகள் இவை: உடனே தின்று தீர்ப்பது, காயவைப்பது, அறுக்கும் நாளைத் தள்ளிப்போடுவது.

சேக்கிழார் எழுதிய பன்றிக்கறி

திருமுடிவாக்கத்தை அடுத்த குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்நூலில் கண்ணப்ப நாயனார் வரலாறு பன்றிக்கறி சமைப்பதை விரிவாகவே சொல்கிறது. வேட்டைக்குப் போன திண்ணன், வீழ்த்திய பன்றியின் நல்ல பகுதிகளைத் தேர்ந்து, அம்பில் கோத்துத் தீயில் வாட்டி, பதம் அறிய வாயிலிட்டுச் சுவைத்து, இலைக்கலத்தில் வைத்துக் காளத்தி நாதர்முன் படைக்கிறான். பின்னொரு நாள் பல விலங்குகளின் கறியோடு தேனும் கலக்கிறான். பூசை செய்யும் சிவகோசரியார் இதைக் கண்டு பதறுகிறார், இறைவனோ ஏற்றுக்கொள்கிறார்.

பன்றிக்கறி எப்போதும் இழிந்தோர் உணவாகவே கருதப்பட்டது என்ற எண்ணத்துக்கு இது முதல் தடை. வேளாளர் குடியில் பிறந்து சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் ஒருவர், காட்டுப்பன்றியின் கறி பக்குவமாவதை அருவருப்பின்றி, பரிவோடு எழுத முடிந்திருக்கிறது. நூலின் பூசலும் கறியைச் சந்நிதியில் வைக்கலாமா என்பதைப் பற்றியதுதான். அதை வாட்டிய விதத்தைப் பற்றியதன்று. நாள்தோறும் புது வேட்டை கிடைக்கும் காட்டில் கறியை உலர்த்த வேண்டிய தேவை இல்லை. எனவே திண்ணனின் பக்குவம் சுட்ட கறியாகவே இருக்கிறது. பன்றியின் மதிப்பு தாழ்ந்ததற்குக் காட்டைவிட ஊரே பெரிய காரணம். தெருக்கழிவைத் தின்று திரியும் ஊர்ப்பன்றியைப் பார்த்தவர்கள் அதன் கறியை ஒதுக்கினார்கள். இன்றும் இறைச்சிக்கடைப் பலகைகளில் ‘வெண்பன்றி’ என்று தனியாக எழுதுவது, பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்தது என்பதை வாங்குபவருக்குச் சொல்லத்தான்.

பாளையத்து விண்டாலு

பரங்கிமலை உச்சியில் போர்ச்சுக்கீசியர் 1523இல் தேவாலயம் கட்டினர். சாந்தோமில் அவர்களுடைய குடியேற்றம் வளர்ந்தது. மலையடிவாரம் பின்னர் ஆங்கிலேயரின் சென்னைப் படையில் பீரங்கிப் பிரிவின் தலைமையிடமானது, பல்லாவரம் படைக்குடியிருப்பாயிற்று. இந்த இரண்டு ஊர்களிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வேரூன்றின. அவர்கள் வீட்டு விருந்துகளில் பன்றிக்கறி விண்டாலு முதன்மையானது. மதுவிலும் பூண்டிலும் ஊறவைத்த போர்ச்சுக்கீசியக் கறியே இதன் மூலம். இந்தியாவில் மதுவின் இடத்தை வினிகர் பிடித்தது. அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியே வந்த மிளகாய் சேர்ந்தது.

அதன் பழைய பக்குவம் இது. கொழுப்போடு கூடிய கறியைப் பெரிய துண்டுகளாக்க வேண்டும். காய்ந்த மிளகாய், சீரகம், கடுகு, மஞ்சள், இஞ்சி, நிறையப் பூண்டு ஆகியவற்றைத் தண்ணீர் படாமல் வினிகர் விட்டே அம்மியில் அரைத்து, உப்போடு கறியில் பிசறி ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் சிறு தீயில், கறி விடும் நீரிலும் கொழுப்பிலுமே வேகவைத்து, நெய் பிரிந்து மேலே நிற்கும்போது இறக்க வேண்டும். இதை மறுநாள் சாப்பிடுவதே சிறப்பு என்பார்கள். இதில் ஒவ்வொரு படியும் கெடாமல் காப்பதற்கானது. வினிகரின் புளிப்பு கிருமிகள் பெருகுவதைத் தடுக்கிறது. தண்ணீரை விலக்கியதால் ஈரம் குறைகிறது. மேலே உறையும் கொழுப்பு காற்றை மறிக்கிறது. அந்த வீடுகளின் ‘சால்ட் மீட்’டும் இதே வழியில் போகிறது: மாட்டுக்கறியை முள்ளால் குத்தி, உப்பும் வெடியுப்பும் எலுமிச்சைச் சாறும் தேய்த்து, கனம் ஏற்றிவைத்து, சில நாள் திருப்பிப் போட்டுப் பிறகு வேகவைப்பது. அதே வீடுகளின் தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்புமோ கடையில் வாங்கிய சிறிதளவு கறிக்கானவை. அவற்றில் காக்கும் வேலை ஏதும் இல்லை.

தமிழ்க் குடிகளின் உப்புக்கண்டத்தை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். கறியை நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவிட்டு, வேண்டும்போது தட்டி எண்ணெயில் பொரிப்பது அது. உப்புக்கண்டத்தை நம்முடையது என்றும் விண்டாலுவை வெளியாருடையது என்றும் பிரிப்பது, பொருள்களின் வரலாற்றுக்குப் பொருந்தும். பக்குவத்தின் நோக்கத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. மிளகாய் இரண்டிலுமே வெளியிலிருந்து வந்தது. மிஞ்சிய கறியைச் சென்னை வெயிலில் காப்பாற்றுவது இரண்டிலும் உள்ளூர்த் தேவை. ஒன்று வெயிலையே கருவியாக்கியது; மற்றொன்று வெயில் ஏறுவதற்குள் புளிப்பில் அடைத்தது.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு சமயத்தைச் சார்ந்தது. முஸ்லிம்கள் பன்றியைத் தொடுவதில்லை. இந்துக்களில் பெரும்பாலோர் மாட்டை விலக்குகிறார்கள். அப்படியிருக்க, அளவைப் பேசுவது உண்மையான காரணத்தை மறைப்பதாகாதா? விலக்கு உண்டு, அதன் வலிமையும் பெரிது. ஆனால் அது விலங்கைத் தேர்வதோடு நின்றுவிடுகிறது. நாட்டாடு ஒன்றில் சுமார் 10 கிலோ கறிதான் கிடைக்கும். ஆடித் திருவிழாவில் கிடா வெட்டினால் கூறு போட்டுப் பங்காளிகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுத்துவிட, ஒரு வீட்டில் நிற்பது இரண்டு வேளைக்கே போதும். கூறு போடுவதும் ஒரு காக்கும் முறைதான்; இன்று கொடுத்தவர் நாளை வாங்குவார். மாட்டிலும் பன்றியிலும் கறி பல மடங்கு; அதை உண்பவரோ, விலக்கின் காரணமாகவே, சில குடும்பத்தார். பகிர ஆள் குறைந்த இடத்தில் உப்பும் வினிகரும் வெயிலும் அந்த வேலையைச் செய்தன. மகாராட்டிரத்தின் மராத்வாடாப் பகுதித் தலித் சமையலைப் பற்றி ஷாகு பட்டோலே 2015இல் மராத்தியில் எழுதிய நூலும் மாட்டுக்கறியைக் கீற்றுகளாக்கி உலர்த்திச் சேமித்ததைப் பதிவு செய்கிறது. சமய விலக்கு இந்தக் கருத்துக்கு எதிராக நிற்கவில்லை. பகிர்வோர் எண்ணிக்கையைக் குறைத்து அதற்கே துணைபோகிறது.

இரண்டாவது மறுப்பு கருவாடு. நெத்திலி விரலளவு மீன், அதையும் காயவைக்கிறார்களே? இந்தக் கேள்வி நியாயமானது. கருத்தைத் திருத்திச் சொல்லவும் வைக்கிறது. கணக்கில் வரவேண்டியது ஓர் உயிரின் உடலளவு அன்று, ஒரே நேரத்தில் கையில் சேரும் மொத்த அளவு. வலையில் கூடை கூடையாக விழும் நெத்திலி, பெரிய விலங்கு ஒன்றுக்குச் சமம்.

மூன்றாவது மறுப்பு அறிவியலிலிருந்து வருவது. வெப்ப நாடுகளில் காரமும் மசாலாவும் மிகுந்திருப்பது கிருமிகளைத் தடுக்கவே என்று பால் ஷெர்மனும் ஜெனிஃபர் பில்லிங்கும் 1998இல் எழுதினர். 2021இல் பல நாடுகளின் சமையல் குறிப்புகளை ஆராய்ந்த இன்னொரு குழு, அந்தத் தொடர்பு போதிய சான்றால் உறுதிப்படவில்லை என்று காட்டியது. அப்படியானால் காக்கும் நோக்கம் என்ற விளக்கமே சரிந்துவிடாதா? சரியாது, இங்குச் சொல்லப்படும் கருத்து மசாலாவை நம்பி நிற்கவில்லை. உப்பு, புளிப்பு, உலர்த்தல், கொழுப்பு ஆகிய நான்கும் உணவைக் காக்கும் என்பதில் ஐயம் இல்லை. மிளகாயும் சீரகமும் சுவைக்காகச் சேர்ந்தவை என்று வைத்துக்கொண்டாலும் விண்டாலுவின் அமைப்பு குலையாது. கெட்ட கறியின் நாற்றத்தை மறைக்கவே மசாலா என்ற பழைய பேச்சுக்கும் அடிப்படை இல்லை. கெட்ட கறி மசாலாவோடு உள்ளே போனாலும் நோய்தான் தரும்.

பன்றிக்கறி நோய் தரும் என்ற அச்சத்தையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். சரியாக வேகாத பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு உண்டாகலாம். மூளையில் கட்டியாகி வலிப்பு வரச் செய்யும் நிலையோ, மனிதக் கழிவிலிருந்து அப்புழுவின் முட்டைகள் உணவிலும் நீரிலும் கலப்பதால் வருவது. கறியே உண்ணாதவரையும் அது தாக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்நோயை நீண்டகாலம் ஆராய்ந்துள்ளனர். நெய் பிரியும்வரை மெல்ல வேகவைக்கும் பழைய பக்குவம் புழுவுக்கு இடம் வைப்பதில்லை.

ஏட்டில் ஏறாத சமையல்

தமிழில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற சமையல் நூலான எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951) முழுக்கச் சைவம். இறைச்சிப் பக்குவங்கள் பெரும்பாலும் மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்குப் போயின. ஆகவே அச்சு நூல்களை மட்டும் எண்ணித் தமிழர் உணவை அளப்பவர் தவறான முடிவுக்கே வருவார். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. தஞ்சை இரண்டாம் சரபோஜியின் (1798–1832) அரண்மனைச் சமையலைச் சொல்லும் சரபேந்திர பாகசாஸ்திரத்தில் புலால் உணவுகளும் ஆங்கில உணவுகளும் உண்டு. ‘வைவர்ன்’ என்ற பெயரில் கென்னி-ஹெர்பர்ட் 1878இல் வெளியிட்ட சென்னைச் சமையல் குறிப்புகள், இங்கிருந்த ஆங்கிலேயர் தகரடப்பா உணவையே நம்பிக் கிடந்ததைக் கண்டிக்கின்றன. அந்த டப்பாவும் காக்கும் முறைதான். வசதி உள்ளவரின் முறை. 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸில் அமெரிக்கப் பனிக்கட்டி கிடைத்தது. அதுவும் செல்வர்க்கே எட்டியது. ஆங்கிலோ இந்தியப் பக்குவங்களைப் பிரிட்ஜெட் வைட்-குமார் போன்றோர் அண்மைக் காலத்தில்தான் நூல்களாகத் தொகுத்தனர்.

இன்றைய நிலை

இவ்வட்டாரத்தில் கறி இன்று நாள்தோறும் கிலோக் கணக்கில், அரைக் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம், வெள்ளை யார்க்‌ஷயர் பன்றியை நாட்டுப்பன்றியோடு கலந்து ‘கேபிஎம் கோல்டு’ என்ற இனத்தை உருவாக்கியுள்ளது. வளர்ப்பும் விற்பனையும் முறைப்பட்டபின், ஒரு வீட்டின்மேல் ஒரே நாளில் ஒரு முழுப் பன்றியின் கறி வந்து விழுவதில்லை. கருத்து சரியென்றால், காக்கும் பகுதிகள்தாம் பக்குவத்திலிருந்து முதலில் உதிர வேண்டும். நடப்பதும் அதுதான். விண்டாலுவில் வினிகர் குறைந்து தக்காளியும் உருளைக்கிழங்கும் தண்ணீரும் சேர்கின்றன. அன்றே தின்று தீர்க்கும் குழம்பாக அது மாறுகிறது. உப்புக்கண்டம் அன்றாடத் தேவையாக இல்லாமல் சுவைக்காக எப்போதாவது செய்வதாகிவிட்டது. ஒரு வேளைக் கறிக்கான கோழிப் பொரியலும் உருண்டைக் குழம்பும் அவ்வளவாக மாறவில்லை. அவற்றுக்கு முன்பும் காக்கும் வேலை இல்லை, இப்போதும் இல்லை.

ஆகவே பழைய பக்குவங்களைத் தொகுப்பவர் பொருள்களையும் அளவுகளையும் மட்டும் எழுதிக்கொண்டால் பாதி வேலைதான் முடிகிறது. கறி எங்கிருந்து, எந்த நாளில், எத்தனை வீசை வந்தது, எத்தனை வீட்டுக்குப் பங்கு போனது, மிச்சம் எத்தனை நாள் ஓடியது என்பவற்றையும் கேட்டு எழுத வேண்டும். ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. மூன்று வீசைக்கு வினிகர் அளந்த பக்குவத்தை அரைக் கிலோவுக்குச் சுருக்கி எழுதும்போது புளிப்பு ஏன் அவ்வளவு என்பது புரியாமல் போகும். புரியாததைச் சமைப்பவர் குறைத்துவிடுவார். அளவையும் நாளையும் சேர்த்து எழுதிய குறிப்பில் அந்தக் காரணம் தங்கியிருக்கும்.