மேய்ச்சல் நிலம் மீண்டும் காடான வரலாறு

பிரேசில் நாட்டின் கிழக்குக் கரையோரம் பரந்து கிடந்த அட்லாண்டிக் காட்டில் இன்று சிறுபகுதியே எஞ்சியுள்ளது. கரும்பு, காப்பி, கால்நடை என ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து ஐமோரெஸ் நகரருகே அமைந்த புல்காவோ பண்ணையின் கதையும் இதுவே. ஒளிப்படக் கலைஞர் செபாஸ்தியாவோ சல்காடோ அவ்வூரில் 1944-இல் பிறந்தார். தம் சிறுவயதில் பண்ணையில் பாதி காடாயிருந்தது என்பார் அவர். பின்னர் மாடுகளின் குளம்படியில் மண் இறுகியது; மழைநீர் உள்ளிறங்காமல் மேல்மண்ணை வாரிச் சென்றது; ஊற்றுகள் வறண்டன.

1994-இல் ருவாண்டாவின் இனப்படுகொலையைக் கண்டவர் சல்காடோ. அதனால் உடலும் உள்ளமும் நொந்த அவர், ஊர் திரும்பியபோது கண்டதும் நொந்த நிலமே. காட்டை மீண்டும் வளர்ப்போம் என்றவர் அவருடைய துணைவியார் லேலியா. புகழ் கணவருக்கு வந்தது, எண்ணமோ மனைவியுடையது. இதை நாம் மறத்தல் தகாது.

1998-இல் இருவரும் 'இன்ஸ்டிட்யூட்டோ டெர்ரா' என்னும் அமைப்பை நிறுவினர். பண்ணையில் 600 எக்டேருக்கு மேற்பட்ட நிலம் தனியார் இயற்கைக் காப்பகமாகச் சட்டப்படி ஏற்கப்பட்டது. நிலம் உரிமையாளரிடமே இருக்கும். காப்புநிலையோ என்றென்றைக்கும் நிலைக்கும். மரமற்ற மொட்டைக் குன்றுகளுக்கு இக்காப்பு கிடைத்ததுதான் வியப்பு!

1999-இல் நடவு தொடங்கியது. மேய்ச்சலுக்கென அயல்நாட்டிலிருந்து வந்த புல் கன்றுகளை நெருக்கியது. தொடக்கத்தில் பல கன்றுகள் பட்டுப்போயின. விரைந்து வளரும் மரங்கள் முதலில் நிழல் தந்தன; அந்நிழலில் மற்றவை தழைத்தன. இதுவரை 20 இலட்சத்துக்கும் மேலான மரங்கள் நடப்பட்டுள்ளன. வறண்ட ஊற்றுகள் சுரந்தன. பறவைகளும் பாலூட்டிகளும் தாமாகவே வந்து சேர்ந்தன.

உழ நிலமின்றி ஏழைகள் தவிக்கும் நாட்டில் விலங்குகளுக்கு நிலம் ஒதுக்கலாமா என நம்மில் சிலர் கேட்கக்கூடும். கேட்கத்தக்க கேள்விதான். நிலமற்றோரின் போராட்டத்தை 1997-இல் 'டெர்ரா' என்னும் நூலில் படமாக்கியவரும் இதே சல்காடோ ஆவார். எனினும், இந்நிலம் அந்நாளில் மாட்டுக்கே போதிய தீனி தராத நிலையிலிருந்தது. அதில் மீண்டும் சுரந்த நீரோ வேலி கடந்து பிறர் நிலத்துக்கும் பாய்கிறது.

தொடக்கக் காலத்தில் கன்றுகள் தந்து உதவியது வாலே என்னும் சுரங்க நிறுவனம். 2015 நவம்பரில், அந்நிறுவனம் பங்குதாரராயிருந்த சமார்கோவின் கழிவு அணை மரியானா அருகே உடைந்தது. 19 பேர் மாண்டனர். தோசே ஆற்றில் செஞ்சேறு கடல்வரை ஓடியது.

அவ்வாற்றுப் படுகையில் சிறு உழவர்களின் ஊற்றுகளைச் சுற்றி வேலியிட்டு மரம் நடும் பணியை இவ்வமைப்பு முன்னரே தொடங்கியிருந்தது. 2025 மே மாதம் சல்காடோ மறைந்தார். பணி தொடர்கிறது: வேலிக்கு வெளியே மாடுகள் மேய்கின்றன, உள்ளே கன்றுகள் வளர்கின்றன.