புயல் கூண்டைப் படிக்கத் தெரியுமா? பள்ளிப் பாடங்களை இணைக்கும் ‘பன்முக எழுத்தறிவு’ - ஓர் எளிய விளக்கம்

‘கடலூர் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்.’ மழைக்காலம் வந்தாலே டிவி திரையில் ஓடும் செய்தி இது. எழுத்துக் கூட்டத் தெரிந்த எல்லோரும் வாசித்துவிடலாம். ஆனா 3-க்கும் 10-க்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, பலரும் யோசிப்போம். வாசிப்பது வேறு, புரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு. இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவதுதான் பன்முக எழுத்தறிவு, அதாவது ‘மல்டிலிட்டரசீஸ்’.

எங்கிருந்து வந்தது?

1994ல் அமெரிக்காவின் நியூ லண்டன் என்ற ஊரில் கூடிய 10 கல்வியாளர்கள் முன்வைத்த கருத்து இது. 1996ல் கட்டுரையாக வெளியானது. எழுத்து மட்டுமல்ல, படம், ஒலி, உடல்மொழி, இடம் ஆகியவையும் பொருள் சொல்கின்றன, அவற்றைப் படிக்கவும் உருவாக்கவும் பள்ளி கற்றுத்தர வேண்டும் என்பதே சாரம்.

நமக்கு இது புதுசும் இல்லை. சிதம்பரம் நடராஜர் கோயில் கோபுரத்தில் 108 கரணச் சிற்பங்களோடு நாட்டிய சாஸ்திர சுலோகங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. உடல்மொழி, சிற்பம், எழுத்து மூன்றும் ஒரே சுவரில்!

ஒரு புயல், நான்கு பாடம்

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இதை வைத்தே வகுப்பு எடுக்கலாம்.

* அறிவியல்: புயல் கூண்டில் பகலில் கூம்பு, உருளை வடிவங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 3 என்றால் உள்ளூர் எச்சரிக்கை. 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது.
* கணிதம்: புயல் 300 கி.மீ. தொலைவில் இருக்கிறது, மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. வேகம் மாறாவிட்டால் 20 மணி நேரத்தில் கரை தொடும்.
* சமூக அறிவியல்: தெரு வரைபடத்தில் தாழ்வான பகுதி, பாதுகாப்பு மையம் இரண்டையும் குறிப்பது.
* தமிழ்: தானே புயலைப் பார்த்த பாட்டியின் பேச்சைப் பதிவு செய்து, செய்தியாக எழுதுவது, எச்சரிக்கை அறிவிப்பைக் குரலில் பேசிக் காட்டுவது.

கேள்வி கேட்பதும் படிப்புதான்

2004 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டை பகுதியில் 18 குக்கிராமங்களின் பாதிப்பை ஒப்பிட்ட ஆய்வு, அலையாத்திக் காடுகள் சேதத்தைக் குறைத்தன என்றது. அதே தரவுகளை மறுபடி பார்த்த வேறு ஆய்வாளர்கள், ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் முக்கியக் காரணம் என்று வாதிட்டனர். பிச்சாவரத்துக்குச் சுற்றுலா போகும் மாணவர்களிடம் இரண்டையும் கொடுத்து, ‘நீங்க எதை ஏத்துக்கிறீங்க, ஏன்?’ என்று கேட்கலாம்.

இதெல்லாம் உயிரைக் காப்பாற்றுமா?

காப்பாற்றியிருக்கிறது. அதே 2004 சுனாமி நாளில் தாய்லாந்தின் ஃபூகெட் கடற்கரையில் இருந்தவர் 10 வயது பிரிட்டிஷ் சிறுமி டில்லி ஸ்மித். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தார். கடல் நுரைத்து நடந்துகொண்ட விதத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு பெற்றோரிடம் சொன்னார். கடற்கரையில் இருந்தவர்கள் வெளியேறித் தப்பினர். அவர் அன்று ‘படித்தது’ புத்தகத்தை அல்ல, கடலை.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

2018ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. 2019ல் கல்வி தொலைக்காட்சி தொடங்கியது. 2022ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புகளில் பாடல், கதை, செயல்பாடு வழியே கற்பிக்கிறது. ஆனா வீடியோ போட்டுக் காட்டுவது மட்டும் பன்முக எழுத்தறிவு ஆகாது. மாணவர் அதைக் கேள்வி கேட்கணும், தானும் ஒன்றை உருவாக்கணும்.

பெரிய வகுப்புக்குப் போனால் மதிப்பெண்ணில் பெரும்பங்கு எழுத்துத் தேர்வுக்குத்தான். வானத்தையும் அலையையும் பார்த்தே காற்றைக் கணிக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளை, விடைத்தாளில் தடுமாறினால் ‘படிப்பு வராது’ என்ற பெயர் வாங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததில் இருந்து பாடத்தைத் தொடங்கி, எழுத்துக்கு அழைத்து வருவதுதான் இந்த முறையின் நோக்கம்.

அடுத்த முறை டிவியில் கூண்டு எண் ஓடும்போது, வீட்டுப் பிள்ளைகளிடம் ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டுப் பாருங்க. பாடம் அங்கேயே தொடங்கலாம்.