உறுதியான வாக்குக்கு என்ன மதிப்பு?

சிறுபான்மை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் மதத்தோடு மட்டுமே பொருத்திப் பார்க்கிறோம். தனித்து நின்று வெல்ல முடியாத எந்தச் சமூகமும் தேர்தல் கணக்கில் சிறுபான்மைதான். அத்தகைய சமூகம் ஒரே அணிக்குத் தொடர்ந்து வாக்களிப்பதால் செல்வாக்குப் பெறுகிறதா, இழக்கிறதா? விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் வரலாறு இதற்கு விடை தருகிறது என்பது என் கருத்து.

1952 சட்டமன்றத் தேர்தலில் தென்னார்க்காட்டின் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார் தலைமையிலான உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், வடார்க்காட்டின் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையிலும், படையாட்சியார் 1954-ல் காமராஜர் அமைச்சரவையிலும் இடம்பெற்றனர். பின்னர் இரு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன. தலைவர்களுக்குப் பதவி கிடைத்தது. பேரம் பேசும் அமைப்பு மறைந்தது.

அந்த வெற்றிடத்தை 1980-ல் திண்டிவனம் மருத்துவர் ச.ராமதாஸ் நிறுவிய வன்னியர் சங்கம் நிரப்பியது. 1987 செப்டம்பரில் நடந்த ஒரு வாரச் சாலை மறியலும் அதில் பலியான உயிர்களும் 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தன. அதே ஆண்டு பிறந்த பாட்டாளி மக்கள் கட்சி, அணி மாறுவதையே பேர வலிமையாக்கிக்கொண்டது. 2004 மக்களவைத் தேர்தலில் போட்டியிட்ட இடங்கள் அனைத்திலும் வென்ற அக்கட்சி, அணி மாறிய 2009-ல் அனைத்திலும் தோற்றது. அணி மாறும் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு.

பட்டியல் சமூகத்தின் நிலை வேறு. 2011 கணக்கெடுப்பின்படி, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் அவர்கள் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர். விழுப்புரம் மக்களவைத் தொகுதி 2009 முதல் தனித் தொகுதி. ஆயினும் அங்கே வெற்றியைத் தீர்மானிப்பது எஞ்சிய 70 விழுக்காட்டினரின் வாக்குகளே. எனவே, பெரிய கட்சியின் கூட்டணி தவிர்க்க முடியாததாகிறது. 2016-ல் இரு கழகங்களையும் விலக்கிய அணியில் நின்ற விடுதலைச் சிறுத்தைகள் ஓரிடமும் பெறவில்லை. திமுக அணியில், 2019-ல் உதயசூரியன் சின்னத்தில் விழுப்புரத்தில் வென்ற து.ரவிக்குமார், 2024-ல் பானைச் சின்னத்தில் வென்றார். கட்சிக்கு மாநில அங்கீகாரமும் கிடைத்தது. விசுவாசம் முற்றிலும் வீண்போகவில்லை.

ஆனால், மேல்பாதியை மறக்க முடியுமா? 2023-ல் விழுப்புரம் மாவட்டத்தின் அவ்வூரில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூகத்தினர் நுழைவது தடுக்கப்பட்டபோது, நிர்வாகம் வழிபாட்டு உரிமையை நிலைநாட்டவில்லை; கோயிலுக்குச் சீல் வைத்தது. அவர்கள் உள்ளே சென்று வழிபட, நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2025 வரை காத்திருக்க நேர்ந்தது. மாநிலத்தை ஆண்டது அவர்களில் பெரும்பகுதியினர் ஆதரித்த அணிதான். எங்கும் போகமாட்டார்கள் என்று கருதப்படுவோரின் கோரிக்கை, போய்விடக்கூடியவர்களின் அதிருப்தியைவிட எடை குறைந்ததாகிவிடுகிறது.

அமெரிக்கக் கறுப்பினத்தவர் லிங்கனின் குடியரசுக் கட்சியைப் பல்லாண்டுகள் ஆதரித்து, 1936-ல் பெருமளவில் ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சிப் பக்கம் திரும்பினர். இன்று அக்கட்சியிலும் அவர்களுக்கு இதே சிக்கல் உண்டு என்று அரசியல் அறிஞர்கள் சுட்டுகின்றனர்.

அணி மாறிக்கொண்டே இருப்பது இதற்குத் தீர்வாகாது. தொகுதிப் பங்கீட்டு உடன்பாட்டில் இடங்களின் எண்ணிக்கையோடு கோரிக்கைகளும் எழுத்தில் இடம்பெற வேண்டும். கோயில் நுழைவு, பஞ்சமி நில மீட்பு, வன்கொடுமை வழக்குகள் ஆகியவற்றில் என்ன நடந்தது என்று ஆண்டுதோறும் மக்கள்முன் கணக்குக் கேட்க வேண்டும். கூட்டணிக்குள் இருந்துகொண்டே அப்படிக் கேட்கத் துணிவதில்தான் சிறுபான்மையின் செல்வாக்கு இருக்கிறது.